பசை போகாத பேரிங் ஸ்டாம்பு

அலி அக்பருக்குப் பைத்தியம் என்று ராயபுரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். துறைமுகத்தை ஒட்டிய கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் குமாஸ்தா, சலவைச் சட்டை, நேரம் தவறாத தொழுகை. அவரைப் பிடித்திருந்த பேய் எது என்று மனைவி காத்தூன் பீவிக்கு மட்டும்தான் தெரியும். அது ஸ்டாம்பு. அதிலும் ராஜா தலை போட்ட அழகான ஸ்டாம்பெல்லாம் அவருக்கு ஆகாது, பேரிங் ஸ்டாம்புதான் வேண்டும்.

ஸ்டாம்பு ஒட்டாமல் போட்ட காயிதத்துக்கு, வாங்குகிறவர் தலையில்தானே இரட்டைக் கூலியைக் கட்டுவார்கள்? மலேயாவில் அந்தக் கூலிக்கென்றே தனி ஸ்டாம்பு உண்டு, அதுதான் பேரிங் ஸ்டாம்பு. தபாலாபீசில் அதை உறை மேல் ஒட்டி முத்திரை குத்துவார்கள். படம் கிடையாது, வெறும் எண். இதற்காக ஒரு மனுஷன் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருந்தான் என்றால் என்னத்தைச் சொல்ல.

காத்தூனின் அண்ணன் ரஷீது பினாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அம்மாவும் அவரோடுதான் இருந்தாள். உலகச் சண்டை முடிந்து ஆறேழு வருஷமாகியும் கடை தலை நிமிரவில்லை, அம்மாவும் படுக்கையை விட்டு எழவில்லை. மகளின் காயிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த சுகம். காத்தூன் வாராவாரம் எழுதினாள். ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போடுவது கணவரின் பொறுப்பு.

அவர் மச்சானுக்குத் தனியாக எழுதி, வருகிற உறைகளின் மூலையைக் கத்தரித்து அனுப்பச் சொல்லியிருந்தார். தங்கை வீட்டில் கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரஷீதும் தண்டம் கட்டிக் காயிதத்தை வாங்கி, மூலையை அனுப்பி வைத்தார். அந்தத் துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்டாம்பை நோகாமல் உரித்து, பழைய வேட்டியில் காயப்போட்டவள் காத்தூன். எந்தக் காயிதத்தின் மூலை என்று அவள் கேட்டதில்லை.

அப்புறம் ஆசை இன்னொரு படி ஏறியது. முத்திரையும் விழுந்திருக்க வேண்டும், பின்னால் பசையும் போகாமல் இருக்க வேண்டும், அதுதான் அபூர்வம் என்று ஒரு ஸ்டாம்பு வியாபாரி அவர் காதில் ஓதிவிட்டான். மறுபடி மச்சானுக்குக் காயிதம் பறந்தது. ரஷீது தெரிந்த தபால் குமாஸ்தாவின் கையைக் காலைப் பிடித்து, புது பேரிங் ஸ்டாம்புகளை எதிலும் ஒட்டாமலே முத்திரை குத்தி வாங்கி அனுப்பினார். இதைத் தண்ணீரில் போட்டால் தொலைத்துவிடுவேன் என்று அலி அக்பர் மனைவியை எச்சரித்து, வெண்ணெய்த்தாளில் பொதிந்து வைத்தார். அதோடு நின்றாரா? பசை உள்ளதும் வேண்டும், இல்லாததும் வேண்டும் என்று அவள் காயிதங்களை ஸ்டாம்பு ஒட்டாமல் மொட்டையாகவே போட்டுக்கொண்டிருந்தார்.

பினாங்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த காஜா மொய்தீன், அதே தெருக்காரர், ஊருக்கு வந்ததும் நேரே காத்தூனைத் தேடி வந்தார்.

"அம்மா மவுத்தாயிட்டாங்கம்மா" என்றவர், சொல்லவா வேண்டாமா என்று தயங்கி மீதியையும் சொன்னார். "கடைசியா உன் காயிதம் வந்திச்சு. ரஷீது காச எடுத்துகினு வாசலுக்குப் போனாரு. அம்மாதான் வாணாம்னுட்டாங்க. ஒரு ஸ்டாம்பு ஒட்ட எம் பொண்ணுக்கு மனசு வர்ல, திருப்பி அனுப்பிடுன்னுட்டு செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துகினாங்களாம்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்டாம்பு ஒட்டித்தான் போனது என்று அழுகைக்கு நடுவே அடித்துச் சொன்னாள். சில நாளில் அந்தக் காயிதமே திரும்பி வந்தது. வாங்க மறுத்ததாக எழுதியிருந்தது. பேரிங் ஸ்டாம்பு ஒன்று ஒட்டியிருந்தது. நம்மூர் ஸ்டாம்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

இத்தனை நாளும் தன் காயிதங்களைத் தானே ஊறவைத்து உரித்திருக்கிறோம் என்று காத்தூனுக்கு அப்போதுதான் புரிந்தது. பெற்றவள் தன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாள். இனி யாரிடம் போய்ச் சொல்வது?

சாயங்காலம் வேலை விட்டு வந்த அலி அக்பர் உறையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இத்த ஊற வெச்சிடாதே. திரும்பி வந்த உறை லேசுல கெடைக்காது, முழுசா வெச்சுக்கணும்."

ஸ்டாம்பு ஒட்டினீர்களா என்று அவள் கேட்டாள். மச்சான்தானே கட்டுகிறார், அவருக்கு என்ன குறைந்துவிட்டது என்றார். சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

காத்தூன் அலமாரியைத் திறந்து வெண்ணெய்த்தாளைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் தடவி, அந்த உறையின் வெற்று மூலையில் ஒட்ட ஆரம்பித்தாள். மூலை நிறைந்ததும் ஓரத்தில் ஒட்டினாள். பசை நன்றாகவே பிடித்தது. ஈரக் காலோடு ஓடிவந்த அலி அக்பர் ஒன்றை நகத்தால் நெம்பினார். அது பாதியாகக் கிழிந்து அவர் விரலோடு வந்தது. அவர் வாயிலிருந்து அழுகை மாதிரி ஒரு சத்தம் வந்தது. மாமியார் செத்த சேதிக்கு அவர் அப்படி அழவில்லை.

அவள் கடைசி ஸ்டாம்பையும் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, உறையை அவரிடம் நீட்டினாள்.

"ஸ்டாம்பு ஒட்டியாச்சு. எங்கம்மாவுக்குக் கொண்டுபோய்ப் போடுங்க."