உயர்தர ஒலித்தட்டு வாங்கப் போன அண்ணி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க இயந்திர இரைச்சலுக்கு நடுவே நின்றுவிட்டு வருகிறவள் அவள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்டால்தான் உயிர் வரும். அது தெரிந்துதான் கொழுந்தன் விடாமல் நச்சரித்தான். எந்தப் பேச்சையும் ஒலியில் கொண்டுபோய் முடிக்கிறவன் என்பதால் வீட்டில் அவனுக்கு டெசிபல் என்றே பெயர்.

"அண்ணி, உங்க சிடியெல்லாம் வெறும் சக்கை. உயர்தரத் தட்டுல கேட்டுப் பாருங்க, பாடுறவங்க மூச்சு விடுறதுகூடக் கேக்கும்."

"மூச்சுக் கேக்கணும்னா உங்க அண்ணன் பக்கத்துல படுத்தாலே போதும்ப்பா."

கேலி செய்தாளே தவிர, ஆசை உள்ளுக்குள் இருந்தது. ஆனால் பிளேயரும் புதிதாக வாங்க வேண்டும், தட்டுகளும் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று சனிக்கிழமை காலை அவனோடு கடைக்குப் போனாள். முந்தின நாளிலிருந்து வலது காது அடைத்த மாதிரி இருந்தது. சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கடைக்காரர் ஒரு தட்டைப் போட்டார். அதில் ஒரே பாட்டு சாதாரணத் தரத்திலும் உயர்தரத்திலும் இருந்தது. எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஓடவிட்டார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஆனா ஏன் இடது ஸ்பீக்கர் மட்டும் பாடுது?"

அவர் வயர்களை இடம் மாற்றினார். அப்போதும் இடதுபுறம்தான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரச் சொன்னார்.

"இப்ப மத்த ஸ்பீக்கர்லேருந்து வருது" என்றாள்.

அவர் பாட்டை நிறுத்தினார். "கோளாறு ஸ்பீக்கர்ல இல்ல மேடம். காதுல. என் மனைவிக்கும் இப்படித்தான் வந்துச்சு. சளின்னு நெனச்சு நாளைக் கடத்திட்டோம், போனது போனதுதான். இப்பவே டாக்டர்கிட்ட போங்க."

டெசிபல் உடனே பைக்கை எடுத்தான்.

காது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், காதுக்குள் ஊசியும் போட்டார். "எல்லாருக்கும் திரும்பி வரும்னு சொல்ல முடியாது. ஆனா நீங்க உடனே வந்தது நல்லதாப் போச்சு."

நாட்கள் போயின. ஒரு காலை இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்திருந்தவளின் வலது காதில் குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் மெல்லக் கேட்டது. அசையாமல் கேட்டுக்கொண்டே கிடந்தாள். கண்ணீர் தலையணையில் இறங்கியது.

காது முழுக்கத் தேறியதும் டெசிபலோடு கடைக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். "அந்தப் பிளேயரையே குடுங்க."

"நன்றிக்காக வாங்காதீங்க மேடம். கேட்டுட்டு வாங்குங்க" என்று மறுபடி ஓடவிட்டார் அவர்.

இரண்டு காதும் கூர்மையாகக் கேட்டும், எது உயர்தரம் என்று அவள் சொன்னதில் பாதி தப்பு. டெசிபல் சொன்னதில் பாதிக்கு மேலேயே தப்பு. அவள் விரும்பிக் கேட்கும் பாட்டுகளும் அந்தத் தட்டுகளில் அதிகம் வரவில்லை என்று அவரே சொன்னார். வேண்டாம் என்று முடிவானது.

வெளியே வந்ததும் டெசிபல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "சும்மா உங்களை அலைக்கழிச்சுட்டேன் அண்ணி."

"போடா! அன்னிக்கு நீ இழுத்துட்டு வரலேன்னா, நான் சளி மாத்திரையை முழுங்கிட்டு வீட்டுலயே இருந்திருப்பேன். நீ நல்லா இருக்கணும்ப்பா."

அவன் பைக்கைத் துடைக்க ஆரம்பித்தான்.