அசையாதது மட்டும் தங்கும்

அண்ணன் துறவு பூண்ட அன்று அவனைத் தரையில் கிடத்தி, மேலே திரைச்சீலை போர்த்தி, சாவுக்குரிய ஜெபத்தைப் படித்தார்கள். உலகத்துக்கு அவன் செத்தாயிற்று. அம்மா நிஜப் பிணத்தைப் பார்த்ததுபோல் அழுதாள். சீலைக்குள் இருந்த முகத்தைத் தங்கை திம்யானாவால் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட முடியவில்லை. ராமி என்ற பேரும் போய் அபூனா யுஸ்தோஸ், அதாவது தந்தை யுஸ்தோஸ், ஆனவன் அப்புறம் வீட்டார் ஒருவரையும் சந்திக்கவில்லை. கல்நெஞ்சன்.

இப்போது அவன் இருக்கும் பாலைவன மடத்தை ட்ரோனில் படமெடுத்துக் கணினியில் முழு உருவமாக்கும் வேலை வந்தது. வந்ததென்ன, அவள் அடித்துப் பிடித்து வாங்கியது. ஆனால் போன நேரம் பெரிய நோன்பு. வெளியார் உள்ளே நுழையக்கூடாது. மதிலுக்கு வெளியே மணலில் நின்று ஓட்டிக்கொள் என்றுவிட்டார்கள்.

விருந்தினரைக் கவனிக்கும் அபூனா பாகூம் அவித்த மொச்சையும் தேநீரும் கொண்டுவந்தார். படத்தில் ஆள் விழக்கூடாது என்பது மடத்தலைவரின் கட்டளை என்றார். திம்யானா வேலையை விளக்கினாள். மேலிருந்து பல படங்கள் எடுத்துக் கோர்க்கும்போது நடமாடுகிறவர்கள் கலைந்துபோவார்கள், அசையாதது மட்டும் தங்கும். பிறகு மனசு கேட்காமல் அண்ணனைப் பற்றி விசாரித்தாள்.

"இங்க யாருக்கும் தங்கச்சி கிடையாது மகளே," என்றார் அவர். தட்டை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார். "அசையாம எவ்வளவு நேரம் இருக்கணும்?"

"ட்ரோன் போயிட்டுத் திரும்புற வரைக்கும், அபூனா."

மறுநாள் காலை ட்ரோனை ஏற்றினாள். முற்றங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. யாராவது வெளியே நின்றாலும் மேலிருந்து கறுப்பு முக்காடுதானே தெரியும், இதற்கா இவ்வளவு தூரம் வந்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மடத்துக்குள் இருந்த பழைய கோட்டையின் கூரை திரையில் வந்தது. அங்கே ஒரு துறவி மல்லாந்து படுத்திருந்தார். கைகள் நெஞ்சில். முகம் வானத்தைப் பார்த்து. ட்ரோன் போனது, திரும்பியது, மறுபடி போனது. அந்த வெயிலில் அவர் விரலைக்கூட அசைக்கவில்லை. திம்யானா மணலில் உட்கார்ந்து தேம்பினாள்.

சாயங்காலம் ஜீப்புக்குள் கணினி படங்களைக் கோர்த்து முடித்தது. காற்றில் ஆடிய பேரீச்சைகள் கலங்கியிருந்தன. அவன் அப்படியே இருந்தான். தாடி பாதி நரைத்திருந்தது. நெற்றியில் சின்ன வயதில் அவள் எறிந்த செருப்பின் தழும்பு.

ஆள் விழவில்லையே என்று பார்க்க பாகூம் வந்தார். அழித்துத்தான் ஆகவேண்டும் என்று அவள் விரலைக் கொண்டுபோனாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அது கல்லு மகளே. எங்க கூரையில கல்லுக்கா பஞ்சம்? அதை ஏன் அழிக்கிறே?"

"அம்மாகிட்ட காட்டலாமா?"

"கல்லைக் காட்டுறதுக்கு யாருகிட்ட அனுமதி கேக்குறே?" என்றார் பாகூம்.