இளவரசிக்கு ஞாபகம் வந்த காட்சி

கடைசிக் காட்சிக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. ஒன்பது நாட்களாக நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்தேன்.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் எனக்கு வேலை. வேதியியல் படித்தேன்; ஆய்வகங்கள் எதுவும் கூப்பிடவில்லை, இவர்கள் கூப்பிட்டார்கள். ஒரு இளவரசியும் அவளைக் காக்கும் வீரனும் ஏழு பிறவிகளாகக் காதலிக்கும் கதை. எந்தப் பிறவியில் யாருக்கு என்ன சாபம், எந்தக் கையில் தழும்பு, யாருக்கு எது ஞாபகம் இருக்கிறது, எது மறந்துவிட்டது என்று எபிசோட் வாரியாகக் கட்டம் போட்டு எழுதி வைக்க வேண்டும். அந்த நோட்டின் பெயரே எனக்கும் பெயராகிவிட்டது. எல்லோரும் என்னை ரிஜிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த இருவரைப் போல என் பொறுமையைச் சோதித்தவர்கள் யாரும் இல்லை. வீரன் அவளுக்காக ஆறு முறை செத்திருக்கிறான். அவள் அவனுக்காக ஐந்து முறை. அவன் தன் இதயத்தைப் பிடுங்கி மூன்று முறை அவளிடம் கொடுத்தான். அவள் திருப்பிக் கொடுத்தது இரண்டு முறைதான். நான் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நாற்பது எபிசோட் இதயம் இல்லாமலேயே வாள் சுழற்றிக்கொண்டிருந்தான். பிறகு அவசரமாக ஒரு மந்திரவாதி வந்து அதை ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இருவரும் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, எந்த வேலைக்கும் போவதில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு எபிசோடில் அந்தப் பார்வை மட்டும் நான்கு நிமிடம் பத்து வினாடி. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போனாலும் தப்பிக்க முடியாது.

"உங்கப்பாவுக்கு ஒரே ஒரு ஜென்மம். அதுலயே என் பிறந்தநாள் ஞாபகம் இருக்கறதில்ல" என்பாள் அம்மா, தொடரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவனைப் பாரு."

"அவனுக்கு ஆபீஸ் இருக்கா, கேட்டுச் சொல்லு" என்பார் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

ஒன்பது நாட்களுக்கு முன்பு கடைசிக் காட்சியின் வசனத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். இளவரசி ஒளிவாசலின் முன் நின்று ஏழு பிறவிகளையும் ஒவ்வொன்றாக நினைவுகூர வேண்டும். ஐந்து பக்கம். நோட்டில் பின்னோக்கிப் போனேன். 205-வது எபிசோடில் சூனியக்காரி அவள் ஞாபகத்தை அழிக்கிறாள். 212-ல் கொட்டும் மழையில் எல்லாம் திரும்பி வருகிறது. வருகிறது என்று என் நோட்டில் இருந்தது. படப்பிடிப்பு நடந்த அன்றே எழுதியது. சந்தேகத்துக்கு, ஒளிபரப்பான 212-ஐப் போட்டுப் பார்த்தேன். மழையே இல்லை. 213-லும் இல்லை.

அதாவது, இன்று வரை நூற்று எழுபத்தாறு எபிசோடாக இளவரசி முன்பின் தெரியாத ஒருவனுக்காக உயிரை விட்டுக்கொண்டிருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை. அம்மாகூட.

அந்தக் காட்சி ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. டைரக்டர் அடுத்த தொடரைத் தொடங்கப் போகிறார். யாரையெல்லாம் கூட்டிப் போவது என்று ஒரு பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதில் பதினொன்றாவது பெயர் என்னுடையது. இன்னும் ஒரு நாள். ஐந்து பக்க வசனத்தைப் பேசி முடித்துவிட்டால், இருவரும் ஒளிவாசலுக்குள் போய்விடுவார்கள். கதவு மூடிவிடும். அதற்குப் பிறகு யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

இளவரசியே தேடினாள்.

மேக்கப் அறையில் அவளுக்குப் பொய் முடியைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தலையை அசைக்க முடியாமல் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ரிஜிஸ்டர், ஒரு நிமிஷம் வாயேன். நாளைக்கு அஞ்சு பக்கம் பேசணுமே, பழைய சீனைப் பாத்தா ஒரு பிடிப்பு கிடைக்கும்னு 212-ஐ வாங்கிப் பாத்தேன். மழை எங்க?"

"பாக்கறேன்க்கா."

"என்னத்தைப் பாக்கறே? ரெண்டு லாரி தண்ணியை என் தலையில கொட்டினாங்க. நாலு நாள் காய்ச்சல்ல கிடந்தேன். இந்த ரெண்டு வருஷத்துல நான் நடிச்சேன்னு சொல்லிக்கறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அது டிவியில போகவே இல்லையா?"

"போகலக்கா."

"அப்போ எனக்கு எப்போ ஞாபகம் வந்துச்சு?"

நான் நோட்டைத் திறந்தேன். எழுதியிருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பக்கங்களைப் புரட்டினேன்.

"வரலக்கா" என்றேன்.

அவள் எழுந்தாள். பாதி ஒட்டிய முடி தோளில் தொங்க, நேராகப் படப்பிடிப்புத் தளத்துக்குப் போனாள். அங்கே அட்டையில் செய்த ஒளிவாசலுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டரும் ரைட்டர் மேடமும் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் டைரக்டர் அங்கிருந்த பெயின்ட் டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மழை சீனோட ஒரிஜினலை எடுத்து நடுவுல சொருகிடலாமே?" என்றார் ரைட்டர் மேடம்.

"மூணு மாசத்துக்கு மேல யாரு வெச்சிருக்காங்க?" என்றார் டைரக்டர். " எல்லாம் அழிச்சாச்சு. நாலு ஜென்மம் போதும்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டீங்களா?"

"சரி, ஞாபகம் வரல. இப்போ என்ன குடிமுழுகிப் போச்சு? யாருன்னே தெரியாம அவனுக்காக நெருப்புல குதிச்சிருக்கா. அது இன்னும் பெரிய காதல் இல்லையா?"

"மேடம்!" என்றாள் இளவரசி. "தெரியாதவன் மேலயா சாஞ்சு நூத்தி எழுபத்தாறு எபிசோட் அழுதேன்? என் முகத்தைப் போட்டுப் பாருங்க. தெரிஞ்சவளாத்தான் பாத்திருக்கேன். அந்த மழையை மனசுல வெச்சுத்தான் ஒவ்வொரு நாளும் பாத்தேன்."

அவள் குரல் உடைந்தது. இது நடிப்பில்லை. எனக்கு வித்தியாசம் தெரியும். அவள் பொய்யாக அழும்போது இடது கண்ணில்தான் முதலில் தண்ணீர் வரும்.

"எவன் வெட்டினான்?" என்றார் டைரக்டர். "ரிஜிஸ்டர், போய் எடிட்டரைக் கூட்டிட்டு வா."

எடிட்டர் அண்ணனின் அறை மாடியில் இருந்தது. சன்னல் கிடையாது. இரண்டு திரைகளிலும் வீரன் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தான். அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, மறுபடி இதயம் தொலைஞ்சிடுச்சா?"

"டைரக்டர் கூப்பிடறார்ண்ணா. 212-ல மழை சீன் இல்லையாம்."

"மழையா? எந்த மழை?"

"ஞாபகம் இல்லையாண்ணா?"

"அவங்களுக்குத்தான் ஏழு ஜென்மம் ஞாபகம் இருக்கும். எனக்கு நேத்து வெட்டினதே ஞாபகம் இல்ல."

படியில் இறங்கும்போது அவர் முன்னால் போனார், ஒவ்வொரு படியிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு. இருபத்திரண்டு படிகள். எந்தப் படியிலும் நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். என் குரல் எப்போதும் தாமதமாகத்தான் வரும். வகுப்பிலும் விடை தெரிந்த கேள்விக்குக் கை தூக்குவதற்குள் ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

"நீயா வெட்டினே?" என்றார் டைரக்டர்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "என் கைதான் சார் வெட்டியிருக்கும். வேற யாரு வந்து வெட்டப் போறா?"

"யாரைக் கேட்டு வெட்டினே?"

"ஞாபகம் இல்ல சார்."

"இளவரசிக்கு ஞாபகம் இல்ல, உனக்கும் ஞாபகம் இல்ல. நல்ல ஜோடி."

இளவரசி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவள் சூனியக்காரியிடம்கூடக் காட்டியதில்லை.

"உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?" என்றாள்.

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லம்மா. நேரம் கூடியிருக்கும். நேரம் கூடினா எங்கயாவது கை வெச்சுத்தானே ஆகணும்."

"இருந்து இருந்து அதுலயா?"

டைரக்டர் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பிரித்தார், பெயின்ட் அடிப்பவரிடம் பேனா கேட்டார். அவரிடம் இல்லை. ரைட்டர் மேடம் தன் பேனாவைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

"அடுத்த தொடருக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார் டைரக்டர். "கேக்காம வெட்டறவன் எனக்கு வேண்டாம்."

அண்ணனின் பெயர் மூன்றாவது. நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"சரி சார். இன்னிக்கு எபிசோடை முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்."

"சார்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. அண்ணன் படிகளை நோக்கித் திரும்பிவிட்டார். பேனா காகிதத்தின் மேல் இறங்கியது.

"சார்!"

இந்த முறை பெயின்ட் அடிப்பவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன?"

"அண்ணன் கேட்டார் சார். நீங்க அன்னிக்கு போனை எடுக்கலன்னு எனக்குப் பண்ணினார். நாலு நிமிஷம் கூடுதலா இருக்கு, மழையில அழற சீன் ஒண்ணு இருக்கு, எடுத்துடலாமான்னு கேட்டார். எந்த சீன்னு நான் கேக்கவே இல்ல. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். இவங்க ரெண்டு பேரும் அழறதை எழுதி எழுதி எனக்கு வெறுத்துப் போயிருந்துச்சு." இளவரசியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. "எடுத்துடுங்கண்ணா, ஒருத்தரும் தேடமாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன்."