டைம்அவுட் பூஜ்யம்

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் கோரிக்கைகளை வாங்கும் சர்வர் என் பொறுப்பு. தெருக்களில் ஆங்காங்கே நிற்கும் வண்டிகள் அது சொன்னால்தான் நகரும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது வரைபட சர்வரிடம் வழி கேட்கும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், விட்டுவிட்டுப் பழைய வரைபடத்தை வைத்து வண்டியை அனுப்பும். அந்த நேரத்துக்குப் பெயர்தான் டைம்அவுட். அப்படி விடும்போதெல்லாம் சுவர்த் திரையில் சிவப்புக் கோடு விழும்.

அன்று மதியம் திரை முழுக்கப் பச்சை. மழை கொட்டுகிற நாளில் இத்தனை அமைதியா?

அக்கா போனில் அழைத்தாள்.

"உங்க ஆப் சுத்திக்கிட்டே இருக்குடி! அத்தானுக்கு நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுது. வண்டி வருமா வராதா?"

"லைன்லயே இரு."

சர்வரைத் திறந்து பார்த்தேன். அடக் கடவுளே! ஒரு கோரிக்கைகூடத் தோற்கவில்லை, எல்லாமே காத்திருந்தன. வரைபட சர்வர் மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்க, எங்கள் சர்வர் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அக்காவின் கோரிக்கையும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது.

டைம்அவுட் இருந்த இடத்தில் பூஜ்யம். இந்த சர்வரில் பூஜ்யம் என்றால், எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று அர்த்தம்.

"யாருடா இதுல கை வெச்சது?"

பக்கத்து மேஜை 'பச்சை' எழுந்தான். சிவப்பைக் கண்டால் கைகால் உதறும் என்பதால் நாங்கள் வைத்த பெயர்.

"காலையிலேர்ந்து ஒரே சிவப்புக்கா. மேனேஜர் கத்தினார். பூஜ்யம் போட்டதும் நின்னுடுச்சு."

"நின்னது சிவப்பு இல்லடா, வண்டி! அறிவிருக்கா உனக்கு?"

அறைந்திருப்பேன், நேரமில்லை. டைம்அவுட்டைத் திரும்பப் போட்டு சர்வரை மறுபடி எழுப்பினேன். காத்திருந்தவை எல்லாம் அறுந்து, திரை மேலிருந்து கீழ்வரை சிவந்தது. ஒவ்வொரு கோடும் ஒரு வீடு. அறுந்ததை யாராவது புதிதாகப் போட்டால்தான் வண்டி போகும்; அக்கா வீட்டு விலாசத்தை நானே அடித்தேன். வண்டி கிளம்பியது.

"அக்கா, வண்டி வருது! கேக்குதா?"

பதில் இல்லை. லைன் அறுபடவும் இல்லை. அந்தப் பக்கம் எங்கோ குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா?"

பச்சை மெதுவாகச் சொன்னான். "கட் பண்ணிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கக்கா. எவ்வளவு நேரம் இப்படியே..."

"வாயை மூடு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கட் செய்ய எனக்குக் கை வரவில்லை.