காப்புக் கட்டியவர்கள் பார்த்த பகல் காட்சி

நல்லம்மாள் மௌன விரதம் இருக்கப் போகிறாள் என்ற செய்தி தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பரவியபோது முதலில் யாரும் நம்பவில்லை. குழாயடியில் ஒருத்தி சிரித்த சிரிப்பில் வாளியையே கவிழ்த்துவிட்டாள். பல் பிடுங்கிய அன்றுகூட, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசருக்குப் பெண் பார்த்துச் சொன்னவள் அல்லவா அவள்? அவளாவது, மௌனமாவது.

ஆனால் செய்தி உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை கதவை அடைத்துக்கொண்டு, ஒரு சொல் பேசாமல், அம்மனை நினைத்து உட்கார்ந்திருக்கப் போகிறாளாம். யாரும் கதவைத் தட்டக் கூடாதாம். வாசலில் புருஷன் சோமு காவல்.

“நீ பேசாம இருக்கேன்னு சொன்னா எவன்டி நம்புவான்?” என்று சோமு முதல் நாளே கேட்டான்.

“நம்ப வைக்கத்தான் நீங்க இருக்கீங்க. யாராவது வந்தா வாயில விரல் வச்சு ‘உஷ்’ஷுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க பேசினா காரியம் கெட்டுடும்.”

காரியம் என்னவென்றால், அவள் கோலாலம்பூருக்குப் போகப் போகிறாள்.

இதில் என்ன பெரிய திருட்டுத்தனம் என்று கேட்கிறவர்கள் ரம்பைத் தோட்டத்து மாரியம்மனை அறியாதவர்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் கயிற்றில் கிழங்கைக் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டவர்கள், திருவிழா முடியும்வரை கவிச்சி தொடக் கூடாது, சண்டை போடக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்றால் வேறெங்கும் இல்லை, பெரிய ரோட்டுக்குத் திரும்பும் முனையில் முனியாண்டி அரிவாளோடு நிற்கிறாரே, அந்த இடம்தான். அவரைத் தாண்டிக் கால் வைத்தால் விரதம் முறிந்தது.

நல்லம்மாளுக்கு இந்த வருஷம் முறியவே கூடாத விரதம். பால்குட ஊர்வலத்தில் முதல் குடம் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஏங்கிய இடம் அது. இத்தனை காலமும் லோரி டிரைவர் பெண்சாதி இராஜம்மாதான் முதல் குடத்தைப் பட்டா போட்டு வைத்திருந்தாள். போன வருஷம், தன்னை முந்தி நடந்த ஒருத்தியைத் திட்டுவதற்காகப் பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துத் திட்ட வேண்டியிருந்ததாம். கோயில் தலைவரும் தோட்டத்தில் ஆள் மேய்க்கும் மண்டோருமான காளியண்ணனுக்கு வந்ததே கோபம். குடத்தை நல்லம்மாளுக்கு மாற்றிவிட்டார். மாற்றும்போதே கூட்டத்தில் எச்சரிக்கையும் செய்தார்: “விரதத்தில ஒரு பிசகு வந்தாலும் குடம் திரும்ப இராஜம்மாகிட்டப் போயிடும், பாத்துக்க.”

பிறகு ஏன் இந்த வேலை என்றால், புடவைதான். முதல் குடம் தூக்குகிறவளைத் தோட்டமே பார்க்கும். லயத்துக்குத் துணி மூட்டை கொண்டுவரும் வியாபாரியிடம் எடுத்தால், அதே பூ, அதே கரை, பின்னால் வரும் பத்துப் பேர் உடம்பிலும் இருக்கும். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாக் கடைத்தெருவில் எடுத்தால்தான் எடுத்த மாதிரி. போதாததற்கு, ரேடியோவில் பாட்டுப் போட்டுப் போட்டு ஆசையைக் கிளப்பிய ஒரு படம் அங்கே கடைசி வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மனுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்று நல்லம்மாளுக்குத் தெரியும். ஆனால் அம்மன் பெண்தானே, புடவை விஷயம் புரியாமலா போகும் என்று ஒரு தைரியம்.

ஆக, விடிவதற்குள் கிளம்பி, மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, முனியாண்டி முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, ஒரு நிமிசம் அந்தப் பக்கம் பாத்துக்குங்க. வரும்போது சுருட்டு வாங்கியாறேன்.”

முனியாண்டி எந்தப் பக்கம் பார்த்தாரோ, அவள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஈஜோக், சுங்கை பூலோ எல்லாம் தாண்டும்வரை முக்காட்டை எடுக்கவில்லை.

மஸ்ஜித் இந்தியாவில் இறங்கி நின்றதும் அவளுக்கு உடம்பெல்லாம் கண்ணாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. கேசட் கடைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாட்டைப் போட்டு, எதுவும் காதில் விழாதபடி பார்த்துக்கொண்டன. மல்லிகைச் சரம், மருந்து எண்ணெய், நெய்யில் கிண்டும் அல்வா, பக்கத்திலேயே கல்லில் முட்டை உடைத்துப் போடும் முர்தாபாக். மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தாள், ஆனால் மெதுவாகக் கடந்தாள். இரண்டு பெண்கள் வளையல் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்து, யார் பக்கம் நியாயம் என்று தெரியும்வரை நின்று கேட்டாள். ஜவுளிக்கடைப் பொம்மையின் முந்தானையைத் திருப்பி, பின்பக்கம் ஊசி குத்திச் சரிக்கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தாள். இவ்வளவு விஷயத்தையும் ஊரில் போய்ச் சொல்ல முடியாதே என்பதுதான் நெஞ்சை அடைத்தது.

புடவைக் கடையில் ஜெய்னுலாப்தீன் என்ற விற்பனையாளர் வரவேற்றார். கடற்கரை ஊர்க்காரர்களுக்கே உரிய குழைவான பேச்சு.

“வாங்கக்கா, உக்காருங்க. விசேசமா? பட்டா, நைலக்ஸா?”

“நாலு பேரு பாத்தா நாப்பது பேரு கேக்கணும். அப்படி எடுத்துப் போடுங்க தம்பி.”

மளமளவென்று விரித்தார். நல்லம்மாள் எல்லாவற்றையும் உதட்டைப் பிதுக்கித் தள்ளினாள். கடைசியில் கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட ஒரு பட்டு வந்தது. பிதுக்க வேண்டிய உதடு பிதுங்கவில்லை. ஜெய்னுலாப்தீன் அதைக் கவனித்துவிட்டார். விலையில் அவர் இறங்காததற்கு அதுதான் காரணம்.

“கையில என்னக்கா கட்டு?”

“சுளுக்கு.”

“அட! காலையில ஒரு அக்கா வந்தாங்க. உங்க வயசுதான். அவங்களும் கைக்குட்டை கட்டியிருந்தாங்க, அவங்களும் சுளுக்குன்னாங்க. நாட்டுல இந்த வாரம் சுளுக்கு சாஸ்தி போல லா.”

வேறொரு நாளாக இருந்தால் அந்த அக்காவின் ஊர், பெயர், உயரம், நிறம் அத்தனையும் கேட்டு வாங்காமல் நல்லம்மாள் எழுந்திருக்க மாட்டாள். படத்துக்கு நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது சற்று நேரத்தில் தெரிந்தது.

தியேட்டர் வாசலில் திருவிழாக் கூட்டம். இடித்து, இடிபட்டு, டிக்கெட் வாங்கி உள்ளே போனபோது விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் தடவித் தடவி ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதாநாயகியை மாமியார் வீட்டை விட்டுத் துரத்தினாள்.

“விளங்குவாளா இவ?” என்றாள் நல்லம்மாள், தன்னை மறந்து.

“நாசமாப் போவா,” என்றது பக்கத்து முக்காடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இவ்வளவு போதாதா? இருட்டில் ஒரு சிநேகம் உண்டாகிவிட்டது. முக்காடு தன் கச்சான் கடலைப் பொட்டலத்தை நீட்டியது. இருவரும் மாறி மாறிக் கொறித்தார்கள். மாமியாரை மாறி மாறிச் சபித்தார்கள். கண்ணீரைத் துடைக்க நல்லம்மாள் மணிக்கட்டுக் கைக்குட்டையை அவிழ்த்தாள். பக்கத்திலும் அதே காரியம் நடந்தது.

கதாநாயகி மழையில் நனைந்துகொண்டு நின்ற நல்ல இடத்தில் ரீல் அறுந்தது. பளிச்சென்று விளக்குப் போட்டார்கள்.

கச்சான் பொட்டலத்துக்குள் இரண்டு கைகள் இருந்தன. இரண்டிலும் மஞ்சள் கிழங்கு.

நல்லம்மாள் மெல்லத் தலையைத் தூக்கினாள். இராஜம்மா ஏற்கெனவே தூக்கியிருந்தாள்.

“அடி பாதகத்தி,” என்றாள் இராஜம்மா. “மௌன விரதமா இருக்கே?”

“நீங்க வயித்து வலின்னு படுத்திருக்கறதா நேத்தே சொன்னாங்க. இங்கதான் வலிக்குதாக்கா?”

“எல்லையைத் தாண்டிட்டே இல்ல? இப்பவே போயி மண்டோர்கிட்டச் சொல்றேன் பாரு. குடம் எனக்குத்தான்.”

“சொல்லுங்களேன். எங்க வச்சுப் பாத்தேன்னு அவரு கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?”

இராஜம்மா மடியிலிருந்த துணிக்கடைப் பையைக் காலுக்கடியில் தள்ளினாள். நல்லம்மாள் அதற்குள் கரையைப் பார்த்துவிட்டாள். மயில் கழுத்து நிறம். இரண்டாம் குடம் தூக்கிக்கொண்டே முதல் குடத்தைச் சப்பென்று ஆக்கிவிடத் திட்டம்!

அந்த நேரத்தில்தான், ரீல் அறுந்த ஆத்திரத்தில் முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, இரண்டு விரலை வாயில் வைத்துக் கூரை அதிர விசில் அடித்தார். கால்சட்டை, கட்டம் போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி. ஆனால் அந்தத் தாடியை எங்கே கொண்டுபோய் மறைப்பது? விசில் அடித்த கையிலும் மஞ்சள் கயிறு.

“பூசாரியாரே!” என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

இவர்களுக்கெல்லாம் காப்புக் கட்டிவிட்ட பூசாரி ஐயாவு, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அப்படியே நாற்காலிக்குள் சரிந்தார். சற்றுக் கழித்து எழுந்து இவர்கள் வரிசைக்கு வந்தார்.

“தாயி, இது... எப்பவாவது...”

“மூணு பேரும் வாயத் தொறக்கக் கூடாது,” என்றாள் இராஜம்மா.

“நான் மௌன விரதம்,” என்றாள் நல்லம்மாள்.

ரீல் ஓடத் தொடங்கியது. மூவரும் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தார்கள். காசு கொடுத்தாயிற்றே. முடிவில் பூசாரி அழுத அழுகையை இருவரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

தனித்தனியாகத் திரும்பினால் தப்பித்திருக்கலாம். மழை பிடித்துக்கொண்டதில் பஸ் ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் தாமதமாக. பூசாரி பஸ் நிலையத்துக் கழிப்பறையில் வேட்டிக்கு மாறி, கால்சட்டையைப் பொட்டலம் கட்டிக்கொண்டார். விளக்குப் பூசைக்கு நேரமாகிக்கொண்டே இருந்தது. பூசாரி இல்லாமல் பூசை ஏது? தோட்டமே தேட ஆரம்பித்துவிட்டது.

முனியாண்டி முனையில் மூவரும் இறங்கியபோது, காளியண்ணன் மோட்டார் சைக்கிள் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். பின்னால் பாதித் தோட்டம். கூட்டத்தில் சோமுவும் இருந்தான், இன்னும் வாயில் விரலோடு.

“காப்புக் கட்டின மூணு பேரும் எல்லையைத் தாண்டி எங்க போயிட்டு வர்றீங்க?”

பூசாரி பொட்டலத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். நல்லம்மாள் தன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். கிளிப்பச்சை அதன் வாயில் எட்டிப் பார்த்தது. அதைக் கட்டிக்கொண்டு முதல் குடம் தூக்கும் காட்சி ஒரு தரம் மனதுக்குள் வந்து போனது. குடம் வேண்டுமா, புடவை வேண்டுமா?

“அம்மனுக்குப் புடவை எடுக்க,” என்றாள்.

“அம்மனுக்கா?”

“பூசாரியாரு கனவுல அம்மன் வந்துச்சாம். கட்டின காப்போட போயி எனக்குப் புடவை எடுத்துட்டு வான்னு சொல்லுச்சாம். நீங்களே சொல்லுங்க பூசாரியாரே.”

“கேட்டுச்சு,” என்றார் பூசாரி. “வாய் தொறந்தே கேட்டுச்சு.”

“கனவு அவருக்கு வந்தா, நீங்க ரெண்டு பொம்பளைங்க எதுக்கு?”

“ஆம்பளைங்களுக்குப் புடவை எடுக்கத் தெரியுமாண்ணே? போன வருசம் நீங்க எடுத்துச் சாத்தினீங்களே, அம்மனுக்குச் சாக்குத் துணி சுத்தின மாதிரி.”

கூட்டம் சிரித்தது. காளியண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

“மௌன விரதம்னு சோமு சொன்னான்?”

“மௌனமாத்தான் போயிட்டு வந்தேன். ஒரு வார்த்தை பேசலை. அக்காவைக் கேளுங்க.”

எல்லோரும் இராஜம்மாவைப் பார்த்தார்கள். அவள் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே கனமானது அதுதான். “ஆமா,” என்றாள். “மூச்சுக்கூட விடல.”

“அக்கா கையில இருக்கிற மயில்கழுத்து தேர்ல போற அம்மனுக்கு,” என்று நல்லம்மாள் உடனே சேர்த்தாள். தான் மட்டும் ஏன் நஷ்டப்பட வேண்டும்? இராஜம்மா பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

“பூசாரி கையில என்ன பொட்டலம்?”

“அது பூசை சாமான்,” என்றார் ஐயாவு, அவசரமாக. அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

திருவிழா அமர்க்களமாக நடந்தது. நல்லம்மாள்தான் முதல் குடம் தூக்கினாள், போன தீபாவளிப் புடவையில். அவளை யாரும் பார்க்கவில்லை. கிளிப்பச்சையில் நின்ற அம்மனைத்தான் பார்த்தார்கள். இவ்வளவு அழகாக அம்மன் இருந்ததே இல்லை என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வரை பேச்சு. காளியண்ணன் அந்தப் பெருமையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறு வருஷக் கூட்டத்தில் அவரே எழுந்து அறிவித்தார்: காப்புக் கட்டியவர்களே நேரில் போய் அம்மனுக்குப் புடவை எடுத்து வருவதுதான் முறை, மற்றவர்கள் தொட்டு எடுத்த துணியை அம்மன் ஏற்பதில்லை. இப்போது அதற்கென்று வேன் பிடிக்கிறார்கள். காப்புக் கட்டிக்கொள்ளத் தோட்டத்தில் அடிதடி. விவரம் தெரியாத இளசுகளைக் கேட்டால், கடல் தாண்டி ஊரிலிருந்து முன்னோர்கள் கொண்டுவந்த வழக்கம் என்று அடித்துச் சொல்லும். புடவையை மஸ்ஜித் இந்தியாவில்தான் எடுக்க வேண்டும், அதுவும் பகல் காட்சி முடிந்த பிறகுதான் கடைக்குள் கால் வைக்க வேண்டும், அதற்கு முன்னால் எடுத்தால் தோஷம் என்று பூசாரி ஐயாவு சொல்லி வைத்திருக்கிறார்.