இடப்புருவம்

மூன்றாவது முறையும் மாமாவின் இடப்புருவம் மட்டும் எழுந்து நின்றது. வலப்புருவம் இருந்த சுவடே இல்லை. அதே பசை, அதே கை, அதே முகம். ஜீவானந்தத்துக்குக் காரணம் பிடிபடவில்லை.

புருவத்தை மறைப்பதில் மாயம் ஒன்றுமில்லை. பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் பசைக்குச்சி போதும். முடியை மேல்நோக்கி வாரி, பசை தடவித் தட்டையாக அழுத்த வேண்டும். காய்ந்ததும் பவுடர். மறுபடி பசை, மறுபடி பவுடர். மூன்று அடுக்கானால் அது தோல் மாதிரி ஆகிவிடும். அதற்கு ஒரு விரல் மேலே புதுப்புருவம் வரையலாம். புருவம் ஏறினால் கண் பெரிதாகும், ஆண் முகம் நழுவி வேறொரு முகம் வரும். பெங்களூரு மேடைகளில் ஏழு வருஷமாக ஜீவா தன் முகத்தில் வரவழைத்தது செத்துப்போன அக்கா வடிவின் முகம். அவள் போன மறுமாதம் முதன்முதலாக டிராக் என்னும் பெண்வேஷ ஆட்டத்துக்குப் போனவனிடம், வேஷத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். வாயில் வந்தது அவள் பெயர்தான்.

இப்போது டிவி போட்டியின் அரையிறுதி. சொந்தக்கார ஆண் ஒருவரைத் தன் வேஷத்தின் சாயலுக்கு மாற்றிக் காட்ட வேண்டும். ஜமுனாமரத்தூருக்கு மேலே இருக்கும் சொந்த ஊருக்குக் கேமராவோடு வந்தவனுக்கு, சம்மதித்து உட்கார்ந்தது அக்கா புருஷன் ராஜாக்கண்ணு மட்டும்தான். அவர் கேட்டது ஒன்றே: உள்ளறை மாடத்தில் வடிவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

அது இரண்டு முறை அணைந்துவிட்டது.

"அவளுக்குப் புடிக்கல," என்றாள் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த மஞ்சுளா, ராஜாக்கண்ணுவின் அக்கா. "செத்தவ மூஞ்சிய வெச்சிக்கினு ஆட்டம் போட்றான். தம்பி, இன்னொரு வாட்டி அணைஞ்சா எழுந்து வந்துரு, சொல்ட்டேன்."

ராஜாக்கண்ணு ஈரத்துணியால் பசையைத் துடைத்துக்கொண்டே கண்ணாடியில் ஜீவாவைப் பார்த்தார். "ஏன் மச்சான், ஊரெல்லாம் உன்ன வடிவுன்னு கூப்புடுது. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"வாணாம்னுட்டா இன்னா பண்றதுன்னு கேக்கல, மாமா."

"அவளாண்ட?"

ஜீவா பசைக்குச்சியின் மூடியைத் திறந்தான். அக்காவின் இடப்புருவம் எப்போதும் ஒரு மாற்று கூடுதல் கறுப்பாக இருக்கும். அது ஏன் என்று தெரியாமலே அவனும் அப்படியேதான் வரைவான். நடுவர்கள் அதை அவன் முத்திரை என்றார்கள். இன்று அந்தப் புருவம்தான் அடங்க மறுக்கிறது.

"வெளிச்சம் போய்ட்டிருக்கு ஜீவா," என்றாள் இயக்குநர் ரேணுகாதேவி. "கடைசி வாட்டி."

அப்போது உள்ளறை இருண்டது.

"பாத்தியா!" மஞ்சுளாவின் கை புளியில் நின்றது.

ராஜாக்கண்ணு எழுந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஜீவாவும் பின்னாலேயே போனான். அவர் வாசலுக்குப் போகவில்லை. மாடத்தின் முன் நின்று, திரியை ஆள்காட்டி விரலால் தூண்டி, தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்தார். பிறகு எண்ணெய் விரலை இடப்புருவத்தில் துடைத்துக்கொண்டார்.

"மாமா, இப்ப இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்?" அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். "இதுவா? உங்கக்கா பழக்கம். பொடவையில தொடச்சா கறை ஆவும்னு இங்க தொடைப்பா. எனக்கும் ஒட்டிக்கிச்சி."

ஜீவாவின் பிடரியில் காற்று பட்டது. பசை காய்வதற்காக அவனே வைத்த டேபிள் ஃபேன் கதவு வழியே உள்ளே வீசிக்கொண்டிருந்தது. சுடர் சாய்ந்து துடித்தது. ஃபேன் விளக்கை அணைக்கிறது, மாமா திரியைத் தூண்டுகிறார், விரலின் எண்ணெய் புருவத்துக்கு வருகிறது, பசை விட்டுவிடுகிறது, மறுபடி ஃபேன். எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் படத்தை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

"மாமா, அந்தப் பேர வெச்சிக்கட்டுமா?"

"மொதல்ல ஒட்டுதா பாரு."

ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இடப்புருவத்தை இரண்டு முறை துடைத்தான். பசை பிடித்தது. மூன்று அடுக்குக்கும் மேலே புதுப்புருவம் ஏறியது. வாசலில் இருந்து எட்டிப் பார்த்த மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வடிவின் முகத்தோடு ராஜாக்கண்ணு எழுந்து உள்ளே போனார். தாழ்ந்திருந்த திரியைத் தூண்டினார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலை, வரைந்த இடப்புருவத்தின் மேல் மெல்ல வைத்து எடுத்தார். புருவம் ஒரு மாற்று கூடுதலாகக் கறுத்தது. பெயரவில்லை.

எண்ணெய் அடியில் இருந்தால் பசை பிடிக்காது. எல்லாம் காய்ந்த பிறகு, கடைசியாக மேலே வைத்தால் நிற்கும்.