முதுகில் எழுதிய பெயர்

வேலைக்கு இறங்குமுன் தன் குழுவினர் ஒவ்வொருவருடைய முதுகிலும் பெயர் எழுதுவது நிஹேயின் வழக்கம். சுனாமி சிதைத்த அணு உலையைத் துப்புரவாக்கப் போகிறவர்கள் அனைவருக்கும் ஒரே வெள்ளை உடை. முகம் முழுவதையும் மறைக்கும் ஒரே முகமூடி. உள்ளே போய்விட்டால் ஆளை அடையாளம் காண, தடித்த கறுப்பு மையில் எழுதிய அந்தப் பெயரே வழி. குழுத் தலைவரான நிஹே அதைக் கோடு பிசகாமல் எழுதுவார்.

"கதையில வர்ற தனுகிங்கிற உருமாறுற காட்டு நாய் மனுஷ வேஷம் போட்டாலும் வால் காட்டிக்கொடுத்துரும். நமக்கு இந்தப் பேருதான் வால்," என்பார். எல்லாரும் பலமுறை கேட்டுச் சலித்த வேடிக்கை.

போன கோடையில், கதிர்வீச்சு கலந்த நீரைக் கொண்டுபோகும் குழாயின் பூட்டை யாரோ சரியாக மாட்டாததால் நீர் கசிந்தது. தொட்டியின் சுற்றுச்சுவருக்குள்ளேயே தேங்கிவிட்டதால் தீங்கில்லை. ஆனாலும் விசாரணை வந்தது.

"அந்தக் குழாயை மாட்டினது சிகா. என் கண்ணால பார்த்தேன்," என்றார் நிஹே.

"நான் அந்தப் பக்கமே போகல, தலைவரே," என்றார் சிகா.

யாரும் நம்பவில்லை. துவைத்து வரும் தொழிலாளர் உள்ளாடைகளை மடிக்கும் வேலைக்குச் சிகாவை அனுப்பிவிட்டார்கள். உலைக்குப் பக்கத்து நமியே ஊர்க்காரர் அவர். தன் வீட்டைப் பூட்டவைத்த உலையைத் தன் கையாலேயே பிரித்துப்போட வேண்டும் என்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தவர்.

இந்த வசந்தத்தில் ஒருநாள், உள்ளே குனிந்து நின்ற நிஹேயின் தோளை ஒருவர் தட்டினார்.

"சகுமா, அந்த ஏணியை இப்படிக் கொண்டா."

"நான் நிஹே."

"விளையாடாதப்பா. ஏணி."

வெளியே வந்ததும் உடையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். அவருடைய கையெழுத்திலேயே 'சகுமா' என்று இருந்தது. நேரம் மிச்சமாகட்டுமென்று, போன கோடையிலிருந்து உடைகளில் முன்கூட்டியே பெயரெழுதிக் கொக்கிகளில் தொங்கவிட்டு வந்தார். அவசரத்தில் பக்கத்துக் கொக்கியில் கைவைத்திருக்கிறார். தன் முதுகை அவரால் எப்படிப் படிக்க முடியும்? போன கோடையில் சகுமாவின் கொக்கிக்கு அடுத்தது சிகாவின் கொக்கி என்பது நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டு நேரத்தில், சோற்றுருண்டையைப் பிரித்துக்கொண்டிருந்த சகுமாவின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"போன கோடையில நீ கடைசியா என்ன வேலை பார்த்தே?"

"தொட்டிக் குழாயை மாட்டினேன். பூட்டு முரண்டு பிடிச்சுது. அன்னியோட எனக்கு அனுமதிச்ச வருஷக் கதிர்வீச்சு அளவு முடிஞ்சுது, வெளியூர் வேலைக்குக் கிளம்பிட்டேன். போன வாரம்தானே திரும்பி வந்தேன். ஏன் கேக்கறீங்க?"

"அதுல தண்ணி கசிஞ்சுது. அன்னிக்கு உன் முதுகுல சிகான்னு எழுதியிருந்துச்சு."

சகுமாவின் கை அப்படியே நின்றது. "ஐயோ தலைவரே, எனக்குத் தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாமப் போச்சு."

அன்றே அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொல்லி, சிகாவைத் திரும்ப அழைக்க ஒப்புதல் வாங்கினார் நிஹே.

மறுநாள் காலைக் கூட்டத்தில், வழக்கமான உடற்பயிற்சி முடிந்ததும், எல்லார் முன்னிலையிலும் சிகாவுக்கு எதிரே இடுப்பு வளைய வணங்கினார். பக்கத்தில் சகுமாவும் வணங்கினார்.

"நான் பார்த்தது உங்களை இல்ல, சிகா. நானே எழுதின பேரைத்தான் பார்த்தேன். உங்க பேச்சைக் கேக்காம அதை நம்பினேன். மன்னிச்சிடுங்க. உங்க இடம் உங்களுக்கே."

சிகா கடல் பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்ல. உள்ளாடை மடிக்கறதுல இப்ப என் பொண்டாட்டியே என்னைக் கண்டு பொறாமைப்படறா," என்றார். கூட்டம் சிரித்தது. "பேரை எழுதுங்க, தலைவரே. ஆனா நான் உடையைப் போட்ட பிறகு."

சிகா உடையை அணிந்து திரும்பி நின்றார். நிஹே நிதானமாக முதுகில் எழுதினார். பிறகு முன்னால் வந்து, சிகா குனிந்தால் படிக்கும்படி, மார்பிலும் தலைகீழாக எழுதினார்.

"சரியா இருக்கா, நீங்களே பாருங்க."

சிகா குனிந்து படித்தார். "என் பேருதான்."